ரத்தம் சொல்வதும் மலம் சொல்வதும்

ஒரகடத்தை அடுத்த சேரப்பணஞ்சேரியில் என் அக்கா மகன் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்த வேலை. அறையில் ஆறு பேர், மூன்று ஷிஃப்ட். ஒருவன் எழுந்து போன பாயில் இன்னொருவன் வந்து படுப்பான். குடிக்கக் கேன் தண்ணீர், குளிக்கக் கிணற்றுத் தண்ணீர், ஆறு பேருக்கும் ஒரே கழிப்பறை.

போன ஆடியில் அவனுக்கு வயிறு கெட்டது. மூன்று வாரமாகியும் சரியாகவில்லை. சாப்பிட்டதும் வயிறு உப்பிக்கொண்டது. ஏப்பத்தில் அழுகிய முட்டை நாற்றம் வந்தது. மலம் எண்ணெய் கலந்ததுபோல் மிதந்தது. இடுப்பில் பேன்ட் நிற்காத அளவுக்கு இளைத்துப்போனான். முதலில் மருந்துக் கடையில் கேட்டு மெட்ரோனிடசோல் வாங்கி இரண்டு நாள் போட்டான். கொஞ்சம் தேவலை என்றதும் நிறுத்திவிட்டான். மறுபடி ஆரம்பித்த பிறகுதான் டாக்டரிடம் போனான். அவர் எழுதிக் கொடுத்த சோதனைகளின் முடிவு இரண்டு சீட்டாக வந்தது. மோஷன் டெஸ்ட் சீட்டில் ‘சிஸ்ட் இல்லை’ என்று இருந்தது. ரத்தச் சோதனைச் சீட்டில் ‘அமீபா ஆன்டிபாடி ஐஜிஜி, பாசிட்டிவ்’ என்று இருந்தது.

“ஒண்ணு இல்லைங்குது, ஒண்ணு இருக்குங்குது. எதை நம்பறது மாமா?”

இரண்டுமே உண்மையாக இருக்கலாம் என்றேன். அப்போது நான் சொன்ன பதில் போதாது என்று எனக்கே தெரிந்தது. அந்த இரண்டு சீட்டுக்கும் நடுவில் நூறாண்டுக்கு மேற்பட்ட ஆராய்ச்சி கிடக்கிறது. அதில் முக்கியமான ஒரு பங்கு நம் வேலூரில் நடந்தது.

நம் குடலில் குடியேறும் ஓரணு ஒட்டுண்ணிகளில் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும், மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம். சீதபேதியையும் கல்லீரல் சீழ்க்கட்டியையும் உண்டாக்கும் எண்டமீபா ஹிஸ்டாலிட்டிகா, சிறுகுடலில் ஒட்டிக்கொண்டு சத்தைச் சேரவிடாமல் செய்யும் ஜியார்டியா, சிறு குழந்தைகளை வாட்டும் கிரிப்டோஸ்போரிடியம். மூன்றும் ஒருவரின் மலத்திலிருந்து இன்னொருவரின் வாய்க்குப் போகிறவை. மூன்றும் வெளியே வரும்போது கெட்டியான ஓடு போர்த்திக்கொண்டு வருகின்றன. அந்த ஓட்டோடு கூடிய உருவத்தைத்தான் சிஸ்ட் என்கிறோம். கிரிப்டோஸ்போரிடியத்துக்கு அதன் பெயர் ஊசிஸ்ட். அதன் ஓடு குளோரினுக்கும் மசியாது. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சுத்திகரிப்பு நிலையத்தைத் தாண்டி வந்த குழாய்த் தண்ணீராலேயே சுமார் 4,03,000 பேர் நோயுற்றதாகக் கணக்கிட்டார்கள்.

இவை உள்ளே போனதும் உடம்பு என்ன செய்கிறது? கொரோனா காலத்துக்குப் பிறகு ‘எதிர்ப்பு சக்தி’ என்ற சொல் கஷாயப் பொட்டலத்தின் மேல் ஏறிவிட்டது. கூடும், குறையும், ஏற்றிக்கொள்ளலாம் என்று அதை ஏதோ வங்கி இருப்புபோலப் பேசுகிறோம். குடலில் நடப்பது அப்படி ஒற்றைச் சரக்கு அல்ல. அங்கே மூன்று எதிரிகளுக்கு மூன்று விதமான போர் நடக்கிறது. ஒன்றில் கைகொடுக்கும் ஆயுதம் இன்னொன்றில் உதவாமல் போகிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது குடல் சுவரின் மேல் படர்ந்திருக்கும் கோழைப் படலம். வழுவழுவென்ற அந்தப் படலத்துக்குள் ஐஜிஏ என்ற ஆன்டிபாடியை உடம்பு நாள்தோறும் கிராம் கணக்கில் சுரந்து கலக்கிறது. ரத்தத்தில் ஓடும் ஐஜிஜி-யின் வேலை வேறு. ஐஜிஏ-க்குக் காவல் வேலை மட்டும்தான். கிருமியின் ஒட்டும் உறுப்பைப் பிடித்து மூடிவிடும். சுவரில் பற்ற முடியாத கிருமி மலத்தோடு வெளியே போய்விடும். வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை, வந்து போனது நமக்கே தெரியாது.

அமீபாவின் விஷயத்தில் இந்தக் காவல் எவ்வளவு பெரியது என்பதை டாக்காவின் மிர்பூர் பகுதிக் குழந்தைகளிடம் ரஷீதுல் ஹக்கும் அமெரிக்க மருத்துவர் வில்லியம் பெட்ரியும் கண்டார்கள். குடல் சுவரின் சர்க்கரை மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்ள அமீபாவுக்கு லெக்டின் என்றொரு புரதம் இருக்கிறது. அதற்கு எதிரான ஐஜிஏ மலத்தில் இருந்த குழந்தைகளுக்குப் புதிய அமீபாத் தொற்று குறைவாக வந்தது. 2001-இல் வெளியான அந்த ஆய்வின் இன்னொரு முடிவுதான் என்னை நிறுத்தியது. அதே லெக்டினுக்கு எதிரான ஐஜிஜி ரத்தத்தில் இருந்த குழந்தைகளுக்குத் தொற்று கூடுதலாகவே வந்திருந்தது. ரத்தத்தில் இருந்த ஆன்டிபாடி அவர்களைக் காக்கவில்லை. அடிக்கடி அடிபடுகிறவர்கள் என்பதற்கு அது தழும்பாக நின்றது. என் அக்கா மகனின் இரண்டாவது சீட்டைப் படிக்க வேண்டிய விதம் அதில் இருக்கிறது.

சுவரைப் பற்றிய அமீபா செய்வது கொடூரம். ஹிஸ்டாலிட்டிகா என்ற பெயருக்கே திசுவைக் கரைப்பது என்று பொருள். நம் உயிரணுவை உயிரோடு இருக்கும்போதே துண்டு துண்டாகக் கடித்துத் தின்பதை 2014-இல்தான் கேத்தரின் ரால்ஸ்டன் குழுவினர் காட்டினார்கள். உடம்பு அங்கே வெள்ளையணுக்களை அனுப்புகிறது. அமீபா அவற்றையும் கொல்கிறது. செத்த வெள்ளையணுக்களிலிருந்து கொட்டும் நொதிகள் சுவரை இன்னும் அரிக்கின்றன. சீதமும் ரத்தமும் வருவதில் பாதி நம் படையின் வேலைதான். இங்கே காப்பாற்றுவது இன்டர்ஃபெரான் காமா என்ற செய்தி மூலக்கூறு. அதை நன்றாகச் சுரக்கிற குழந்தைகள் மிர்பூரில் அமீபாவை நன்றாகத் தாங்கினார்கள். வயிறு நிரம்பியதைச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோனுக்கும் இதில் பங்கு இருக்கிறது. லெப்டினை ஏற்கும் புரதத்தில் ஓர் எழுத்து மாறிய குழந்தைகளுக்கு அமீபா எளிதாக வருகிறது என்று 2011-இல் கண்டார்கள். சோற்றுக்கும் எதிர்ப்புக்கும் உள்ள உறவை நம் பாட்டிகள் சொன்னதுண்டு. அந்தப் பாதையில் ஒரு மூலக்கூறின் பெயர் இப்போது தெரிகிறது.

ஜியார்டியா சுவரைத் துளைக்காது. அடியில் உள்ள தட்டால் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதற்கும் ஐஜிஏ-தான் எதிரி. பிறவியிலேயே ஆன்டிபாடி சுரக்காத நோயாளிகளை ஜியார்டியா எளிதில் விடாது. ஆனால் அதன் கையில் ஒரு வித்தை இருக்கிறது. மேலே போர்த்தும் புரதச் சட்டைக்குச் சுமார் 200 மரபணுக்கள் வைத்திருக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் உடுத்தும். ஐஜிஏ அந்தச் சட்டையை அடையாளம் கண்டுகொள்வதற்குள் வேறொன்றை மாட்டிக்கொள்ளும். அதனால்தான் வாரக்கணக்கில் இழுக்கிறது, ஒருமுறை வந்தவனுக்கே மறுபடியும் வருகிறது.

கிரிப்டோஸ்போரிடியம் இன்னொரு தினுசு. உயிரணுவின் மேல்தோலுக்கு அடியில், உள்ளறைக்கு வெளியில், திண்ணையில் படுத்தவன் மாதிரி இடம் பிடித்துக்கொள்கிறது. திண்ணைக்கு மேல் சவ்வு மூடியிருப்பதால் ஆன்டிபாடி எட்டாது. அங்கே வேலை செய்வது சிடி4 என்ற வெள்ளையணுக்களும் அவை சுரக்கும் இன்டர்ஃபெரான் காமாவும். இதை உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்தது எய்ட்ஸ். 1976-இல்தான் முதன்முதலாக மனிதரிடம் கண்ட இந்த ஒட்டுண்ணி, 1982 முதல் எய்ட்ஸ் நோயாளிகளை நிற்காத வயிற்றுப்போக்கால் கொன்றது. 1986-இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சென்னையில் எச்.ஐ.வி-யைக் கண்டறிந்த பிறகு தமிழ்நாட்டு மருத்துவமனைகளும் அதைப் பார்த்தன. சிடி4 எண்ணிக்கை ஏறினால் கிரிப்டோ தானாக இறங்கும். அது ஏறாதவரை, குழந்தைகளுக்கு ஓரளவு கேட்கும் நிடசோக்சனைடு என்ற மருந்தும் எய்ட்ஸ் நோயாளிகளுக்குப் போதிய பலன் தரவில்லை.

இனி வேலூர். கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மாத்தன் தம்பதியும் உடன் பணியாற்றியவர்களும் 1985-இல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். தென்னிந்தியக் குழந்தைகளின் வயிற்றுப்போக்கில் கிரிப்டோஸ்போரிடியம் இருக்கிறது என்றது அது. வயிற்றுப்போக்கே இல்லாத குழந்தைகளிடமும் இருக்கிறது என்றும் சொன்னது. இந்த இரண்டாவது செய்தியின் கனம் அப்போது முழுதாகத் தெரிந்திருக்காது. கிருமி இருந்தால் நோய், இல்லாவிட்டால் நலம் என்ற கணக்கு நம் ஊரில் செல்லாது என்பதற்கு முதல் சாட்சிகளில் ஒன்று அது.

பின்னால் ககன்தீப் காங், சித்தாரா அஜ்ஜம்பூர், ராஜீவ் சர்க்கார், அமெரிக்காவிலிருந்து ஹானரின் வார்டு ஆகியோர் அதே வேலூரில், பீடி சுற்றும் குடும்பங்கள் நெருங்கி வாழும் தெருக்களில், பிறந்த நாள் முதல் குழந்தைகளைப் பின்தொடர்ந்தார்கள். நோய் வந்த குழந்தை ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்று காத்திருக்கவில்லை. களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மல மாதிரி சேகரித்தார்கள், இடைவெளி விட்டு ரத்தம் எடுத்தார்கள். நாள்பட்ட இந்த உழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். மலத்தில் பிசிஆர், ரத்தத்தில் ஜிபி15, சிபி23 என்ற இரண்டு ஒட்டுண்ணிப் புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடி ஏறுகிறதா என்ற கணக்கு, இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது மூன்று வயது முடிவதற்குள் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் கிரிப்டோ வந்து போயிருந்தது. பெரும்பாலான தொற்றில் வயிற்றுப்போக்கே இல்லை. தாய்க்குக்கூடத் தெரியாமல் வந்து போயிருக்கிறது. அந்தக் குழந்தைகளிடம் அதிகம் இருந்தது மாட்டிலிருந்து வரும் வகை அல்ல, மனிதரிடமிருந்து மனிதருக்குப் போகும் ஹோமினிஸ் வகை.

2013-இல் வந்த இன்னொரு ஆய்வு சேரப்பணஞ்சேரி அறைகளுக்கு நேராகப் பேசுகிறது. வேலூரில் 176 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினர் குடித்தது பாதுகாக்கப்பட்ட பாட்டில் தண்ணீர். மற்றவர்கள் நகராட்சிக் குழாய்த் தண்ணீர். 118 பேருக்கு, அதாவது 67 விழுக்காட்டினருக்கு, கிரிப்டோ வந்தது. பாட்டில் தண்ணீர் குடித்தவர்களுக்கும் குழாய்த் தண்ணீர் குடித்தவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. தண்ணீர் முக்கியமில்லை என்று இதற்கு அர்த்தம் கொள்ளக் கூடாது. தண்ணீர் முக்கியம் என்பதற்கு மில்வாக்கி சாட்சி. குடிக்கிற தண்ணீரை மட்டும் காத்துவிட்டு, கழுவுகிற தண்ணீரையும் கையையும் கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாளையும் விட்டுவிட்டால் கிருமி வேறு வழியில் வந்துவிடுகிறது. கேன் தண்ணீர்தானே குடிக்கிறோம் என்று என் அக்கா மகன் சொன்னபோது எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வந்தது.

அடிக்கடி வந்து போவதால் எதிர்ப்பு வளர்கிறதா என்றால், ஓரளவு வளர்கிறது. அமெரிக்காவில் ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு எண்ணி எண்ணி ஊசிஸ்ட் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் ஆன்டிபாடி இல்லாதவர்களில் பாதிப் பேருக்குத் தொற்ற 132 போதுமாக இருந்தது. முன்பே ஆன்டிபாடி இருந்தவர்களுக்கு 1,880 தேவைப்பட்டது. வேலூர்க் குழந்தைகளின் ரத்தத்திலும் ஜிபி15-க்கு எதிரான ஆன்டிபாடி தொற்றுக்குப் பின் ஏறியது. கூடவே இருக்கும் ஜிபி40 என்ற புரதம் மட்டும் ஒட்டுண்ணியின் இரகத்துக்கு இரகம் மாறுகிறது. ஒரு தெருவில் பெற்ற பாதுகாப்பு இன்னொரு தெருவில் முழுதாகச் செல்லாமல் போவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஒரகடத்துக்கு வேலைக்கு வருகிற பிள்ளைகளை ‘நோய் கொண்டுவந்தவர்கள்’ என்று ஊரில் பேசக் கேட்டிருக்கிறேன். அது தவறு. நம் ஊரின் கிருமிகள் அவர்களுக்குப் புதிதாக இருக்கவும் அதே அளவு வாய்ப்பு உண்டு.

கண்டறியும் வேலைக்கு வருவோம். டச்சுக்காரர் லேவன்ஹுக் 1681-இல் தன் வயிறு கெட்டிருந்தபோது தன் மலத்தையே கண்ணாடியின் அடியில் வைத்துப் பார்த்தார். அவர் விவரித்த நீந்தும் உயிரி ஜியார்டியாதான். மூன்றரை நூற்றாண்டு நெருங்கியும் நம் சிறிய லேப்களில் நடப்பது அதன் தொடர்ச்சியே. கண்ணாடித் தகட்டில் ஒரு பக்கம் சலைன் ஒரு சொட்டு, மறுபக்கம் அயோடின் ஒரு சொட்டு. ஈர்க்குச்சி நுனியளவு மலத்தைக் கலந்து மேலே மெல்லிய கண்ணாடியைச் சாய்த்து இறக்க வேண்டும், குமிழி நிற்கக் கூடாது. உயிருள்ள ஜியார்டியா தெரிந்தால் மறக்க முடியாது. இரண்டு கண்ணோடு யாரோ நிமிர்ந்து பார்ப்பதுபோல் இருக்கும், உதிர்ந்த ஆலிலை ஆடி ஆடி இறங்குவதுபோல் நகரும். சிஸ்டானால் முட்டை வடிவம், உள்ளே நான்கு புள்ளி. ஊரும் அமீபாவைப் பார்க்க மலம் சூடாக இருக்க வேண்டும், அரை மணி நேரம் தாண்டினால் அசைவு நின்றுபோகும். ஷிஃப்ட் முடித்து, பஸ் பிடித்து, டப்பாவைக் கொண்டுவந்து கொடுக்கிற தொழிலாளியிடம் அது எப்படிக் கிடைக்கும்? கிரிப்டோவோ சிவப்பணுவைவிடச் சின்னது, 4 முதல் 6 மைக்ரான். அயோடின் அதில் ஏறாது, ஈஸ்ட் என்று தள்ளிவிடுவார்கள். காசநோய்க் கிருமிக்குப் போடும் சாயத்தைச் சற்று மாற்றிப் போட்டால் ரோஜா நிறத்தில் எழுந்து நிற்கும். சளி பார்க்கிற லேப்களில் அந்தச் சாயம் இருக்கிறது. சீட்டில் ‘கிரிப்டோ’ என்று டாக்டர் எழுதாததால் யாரும் போடுவதில்லை.

ஜியார்டியா தினமும் வெளியே வராது, விட்டு விட்டு வரும். ஒரே மாதிரியைப் பார்த்து இல்லை என்று சொல்வது, ஒருநாள் கதவைத் தட்டிவிட்டு வீட்டில் ஆளே இல்லை என்று சொல்வதுபோல. ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று மாதிரி என்பது அதனால்தான். இடையில் அரைகுறையாக மெட்ரோனிடசோல் போட்டிருந்தால் மூன்றும்கூட ஏமாற்றும்.

அமீபாவில் இன்னொரு சிக்கல். 1875-இல் ரஷ்யாவில் ஃபியோதர் லோஷ் சீதபேதிக்காரரிடம் அமீபாவைக் கண்ட பிறகு, காலப்போக்கில், நான்கு புள்ளி உள்ள அமீபா சிஸ்ட் தெரிந்தால் அமீபியாசிஸ் என்று எழுதும் வழக்கம் வந்தது. 1913-இல் மணிலா சிறையில் வாக்கரும் செல்லார்ட்ஸும் 20 பேருக்கு அதை ஊட்டியபோது 18 பேருக்குத் தொற்றியது, சீதபேதி வந்ததோ 4 பேருக்குத்தான். கைதிகளை இப்படிப் பயன்படுத்தியதை இன்று எந்த நெறியும் ஏற்காது, அந்த எண்கள் மட்டும் கேள்வியாக நின்றன. 1925-இல் பிரெஞ்சு அறிஞர் எமில் புரூம்ப்ட், பார்வைக்கு ஒன்றாக இருக்கும் இது இரண்டு இனம், ஒன்று சாது என்றார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1993-இல் டயமண்டும் கிளார்க்கும் அவர் சொன்னதே சரி என்று நிறுவி, சாதுவுக்கு அவர் வைத்த டிஸ்பார் என்ற பெயரையே நிலைநாட்டினார்கள். மைக்ராஸ்கோப்பில் இரண்டின் சிஸ்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் ‘அமீபா சிஸ்ட் இருக்கிறது’ என்ற சீட்டை மட்டும் நம்பி மருந்து விழுங்கியவர்களில் பலருக்கு அது தேவையே இல்லை.

இந்த இருட்டைப் போக்கத்தான் ஆன்டிஜென் சோதனை வந்தது. இங்கே ஆன்டிபாடி கருவியாகிவிடுகிறது. நம் உடம்பு எதைக் கொண்டு கிருமியைப் பிடிக்கிறதோ, அதையே ஆய்வகத்தில் செய்து தட்டில் பூசி வைத்து, மலத்தில் உள்ள கிருமிப் புரதத்தைப் பிடிக்கிறார்கள். டாக்காவில் காவல் காத்த ஐஜிஏ பற்றிய அதே லெக்டினைத்தான் எலிசா எனப்படும் இந்தச் சோதனைத் தட்டும் பற்றுகிறது, டிஸ்பாரை விட்டு ஹிஸ்டாலிட்டிகாவைப் பிரித்துச் சொல்கிறது. பிசிஆர் அதையும் மிஞ்சும். ஆனால் வேலூர்க் குழந்தைகளை நினைத்துக்கொள்ள வேண்டும். பிசிஆர் கூர்மையாக ஆக, நோயில்லாத தொற்றும் அதிகமாகக் கண்ணில் படும். கண்டதற்கெல்லாம் மருந்து எழுதுவது பழைய தவற்றைப் புதிய இயந்திரத்தில் செய்வதாகும்.

ரத்த ஆன்டிபாடிக்கு இடமே இல்லையா? இருக்கிறது. கல்லீரலில் அமீபாச் சீழ்க்கட்டி வந்தவருக்கு மலத்தில் பெரும்பாலும் எதுவும் தெரியாது, ரத்தத்தில் ஆன்டிபாடி அநேகமாக இருக்கும். அங்கே ஸ்கேனோடு சேர்த்து அந்தச் சீட்டு உயிர் காக்கும். சாதாரண வயிற்றுப்போக்குக்கு, அதுவும் அமீபா புழங்கும் ஊரில், அந்தச் சோதனை எழுதுவது பணவிரயம் என்பது என் முடிவு. ஐஜிஜி ஆண்டுக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். இன்று வந்ததா, என்றோ வந்ததா என்று அது சொல்லாது.

இன்னோர் இடத்தில் அது பெரிய கருவியாகும். ஒருவரின் இன்றைய நோயைச் சொல்லத் தெரியாத அந்த நினைவு, ஓர் ஊரின் கழிவுநீர் எங்கே போகிறது என்பதைச் சொல்லும். விரல் நுனி ரத்தம் ஒரு சொட்டு போதும். ஹெய்தி, கென்யா, தான்சானியா நாடுகளின் குழந்தைகளிடம் ஜியார்டியா, கிரிப்டோ, அமீபா ஆன்டிபாடிகளை ஒன்றாக அளந்து, எந்த வயதில் எவ்வளவு வேகமாகத் தொற்று ஏறுகிறது என்று 2019-இல் கணக்கிட்டார்கள். நம் அங்கன்வாடிகளிலும் இது முடியும். அதற்கு முதலில் இந்த மெதுவான தொற்று கவனத்துக்கு வர வேண்டும். 2021 டிசம்பரில் இந்த வட்டாரத் தொழிலாளர் விடுதி ஒன்றின் உணவால் 150-க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனைக்குப் போனார்கள், சக தொழிலாளிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள், அதனால் விடுதி பற்றி நாடே பேசியது. 2024 ஆகஸ்டில் இதே வட்டாரத்தில், வல்லம் வடகாலில், 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. ஒரே இரவில் நூறு பேரைச் சாய்க்கும் நோய் செய்தியாகும். மூன்று வாரம் ஒருவனை இளைக்க வைக்கும் ஜியார்டியா செய்தியாகாது, சம்பளப் பிடித்தமாகத்தான் முடியும்.

கேன்டீனையும் பார்க்க வேண்டும். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேன்டீன் வைக்க 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வழிசெய்தது. உணவு கையாள்பவருக்கு ஆண்டுக்கொருமுறை மருத்துவச் சோதனை என்கின்றன 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகள். ஆண்டில் ஒருநாள், ஒரு தகடு, ஒரு சொட்டு. விட்டு விட்டு வரும் கிருமிக்கு முன்னால் அந்தச் சான்றிதழால் பெரிதாக ஒன்றும் நிற்காது. சமையல்கட்டுப் பக்கத்திலேயே சோப்பும் ஓடும் தண்ணீரும் உள்ள கழிப்பறை, வயிறு சரியில்லை என்று சொன்னால் சம்பளத்தோடு இரண்டு நாள் விடுப்பு, இவை இரண்டும் அதைவிட அதிகம் தடுக்கும்.

என் அக்கா மகனை வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று மாதிரி கேட்டார்கள், ஆன்டிஜென் சோதனையும் செய்தார்கள். ஜியார்டியா. ரத்தச் சீட்டைக் காட்டியபோது டாக்டர் அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார், முன்பு எப்போதாவது சீதபேதி வந்ததா என்று. திருவண்ணாமலையில் ஐடிஐ படிக்கும்போது, நான்கு வருஷத்துக்கு முன்னால், ஒரு வாரம் ரத்தமும் சீதமுமாகப் போனதை அவன் மறந்தே போயிருந்தான். டினிடசோல் எழுதிக் கொடுத்தார். அறையில் எத்தனை பேர் என்று கேட்டார். ஆறு என்றதும், மற்ற ஐந்து பேரில் யாருக்கெல்லாம் வயிறு சரியில்லையோ அவர்களையும் டப்பாவோடு வரச்சொல்லி அனுப்பினார். இருவருக்கு ஷிஃப்ட் ஒத்துவரவில்லை. மூன்று பேர் வந்தார்கள்.